டிரைவர் இறங்கி ஓடினார்

பள்ளிப்பட்டில் இருந்து திருத்தணிக்கு வந்துகொண்டிருந்த பஸ் திடீரென்று நின்றது. ஊர் இல்லை, ஸ்டாப் இல்லை. இரண்டு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லை. டிரைவர் என்ஜினை அணைத்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கதவைத் திறந்து குதித்தார். அப்புறம்... கொல்லைக்குள் ஓட ஆரம்பித்தார்!

பஸ்ஸில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அதே பஸ்ஸில் இருந்த எனக்குத்தான் எல்லாரையும்விட அதிர்ச்சி – அந்த டிரைவர் என் அக்கா புருஷன், என் பாவா.

பாவா நிதானமான ஆள். கிருத்திகைக் கூட்டத்தில் பஸ்ஸுக்குக் குறுக்கே யார் வந்தாலும் ஹார்னைக்கூட அழுத்தி அடிக்க மாட்டார். அவரா இப்படி?

பின்னாலேயே ஓடினேன். வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"இன்னா பாவா ஆச்சு?"

"மாரை அடைச்சிகினு வந்துச்சு மச்சான். செத்துட்டேன்னே நெனச்சேன். ஓடு, ஓடுன்னு... காலு நிக்கலப்பா."

கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அதுதான் இன்னும் குழப்பம்! ஆனால் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வேறு டிரைவர் வந்துதான் பஸ் கிளம்பியது.

இதயத்தைச் சோதித்தார்கள். குறையில்லை. ஆனால் ஒரு நாள் சாப்பிடும்போது அதே மாதிரி தட்டை விட்டு எழுந்து தெருவுக்கு ஓடினார். மெட்ராஸுக்கு ரயிலில் அழைத்துப் போனேன். தலை முழுக்க ஒயர் ஒட்டி, மூளையின் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடு கோடாக எடுத்தார்கள். அதுவும் நார்மல்!

"அப்போ எதுக்கு சார் ஓடறேன்?"

"மூளையில ஒரு இடம் ஆபத்துன்னு கத்துது. இன்னொரு இடம் 'கொஞ்சம் பொறு'ன்னு அதை அடக்கணும். பயம் வர்றப்போ அடக்குற இடம் தோத்துடுது போல. பேனிக்னு சொல்லுவோம். பயப்படாதீங்க, உயிருக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர்.

பாவா யோசித்தார். "பிரேக்கை இழுத்துட்டுதானே சார் ஓடினேன்? அது எந்த இடம்?"

டாக்டர் பேனாவை மூடினார். "எங்களுக்கே முழுசா புரியலைங்க."

ஊர் திரும்பியதும் பாவா நேராக முதலாளியிடம் போனார். "இனிமே நான் ஓட்டலீங்க. அடுத்த வாட்டி பிரேக்கை மறந்துட்டா?" இப்போது ஷெட்டில் ரிப்பேர் வேலை. மாத்திரை சாப்பிடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை, அக்கா, பாவா, நான் – மூவரும் திருப்பதி பஸ்ஸில் ஏறினோம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பாவா பஸ் ஏறுவது அதுதான் முதல் தடவை. நகரி தாண்டியதும் என் மணிக்கட்டைப் பிடித்தார். முகம் வெளுத்துவிட்டது. சீட்டை விட்டு எழுந்தேவிட்டார்.

நான் "பாவா, உக்காருங்க, உக்காருங்க" என்று இழுத்தேன். அவர் கையை உதறினார்.

அக்கா அவரைத் தொடவில்லை. "எறங்கணும்னா எறங்கலாங்க. நானும் வரேன்" என்றாள்.

கம்பியைப் பிடித்தபடி நின்றார். நின்றார்... அப்புறம் மெதுவாக உட்கார்ந்துவிட்டார்!

"எப்பிடி பாவா?" என்றேன்.

"தெரியல மச்சான்."

இறங்கலாம் என்றதும் ஏன் உட்கார்ந்தார்? கத்துகிற இடம் ஓய்ந்ததா, அடக்குகிற இடம் விழித்ததா? என்ன மந்திரம் போட்டாய் என்று அக்காவையே கேட்டேன்.

"எனக்கின்னாடா தெரியும்? அவரு எறங்குனா நானும் எறங்கணுமேன்னு, செருப்பைத் தேடிகினு இருந்தேன்."