சம்பங்கியும் சொல்யூஷனும்

கல்யாணத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது என் தோழி நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. "அன்னிக்கு ஒரு நாளாவது என்னைச் சுத்தி பூ வாசனை மட்டும் வரணும். நீங்கதான் செய்யணும்" என்றாள். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து வருடக்கணக்காக ஷூவின் மேல்பாகம் தைத்தவர்கள் நாங்கள். இது ஒரு பெரிய விஷயமா என்று ஒப்புக்கொண்டோம். என்னையும் சேர்த்து ஐந்து பேர்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. மாப்பிள்ளை சென்னைப் பையன். எங்கள் கம்பெனிக்குச் சரக்கு செக் பண்ண வந்த இடத்தில் பழக்கம். அவர்கள் கிறிஸ்தவர்கள், இவள் வீடு இந்து. இனி எங்களுக்குப் பெண்ணே இல்லை என்று இவளைப் பெற்றவர்கள் கை கழுவிவிட்டார்கள். கோயிலா சர்ச்சா என்ற தகராறே வேண்டாம் என்று பையன் கடற்கரையைப் பிடித்தான். மகாபலிபுரம் போகிற வழியில் ஒரு ரிசார்ட். மற்ற ஏற்பாடெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், பூ மட்டும் எங்கள் வீட்டுச் சீர் என்று இவள் ரோஷமாகச் சொல்லிவிட்டாள். எங்கள் வீடு என்றால் நாங்கள்தான், வேறு யார் இருக்கிறார்கள்?

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் பெரியது. மாப்பிள்ளையின் அம்மா முதன்முதலாகப் பெண் பார்க்க வந்தது நாங்கள் சேர்ந்து தங்கியிருந்த வாடகை வீட்டுக்குத்தான். அன்று லீவு கிடைக்கவில்லை. ஷிப்ட் முடிந்து ஓடிவந்து, எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்து, தலை நிறைய மல்லி வைத்துக்கொண்டு இவள் காபி கொண்டுபோனாள். டம்ளரை வாங்கிய கையோடு அந்த அம்மா கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். தூசு அலர்ஜி என்றார். நல்லவிதமாகத்தான் பேசினார், ஆனால் கிளம்பும் வரை கர்ச்சீப் இறங்கவில்லை. அவர்கள் போனதும் இவள் தன் இரண்டு கைகளையும் மாறி மாறி மோந்து பார்த்தாள். "ஒண்ணுமே தெரியலியே. உனக்குத் தெரியுதா?" என்று என்னிடம் நீட்டினாள். எனக்கும் தெரியவில்லை. அந்த அம்மாவுக்குத் திமிர் என்று முடிவு கட்டினோம். அந்த மாதமே இவள் வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

பூ வேலையை யூடியூப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். மணமக்கள் நிற்க ஒரு வளைவு, அது முழுக்கப் பூ. வீடியோவில் ஒரு பெண் பச்சை ஸ்பாஞ்சில் தண்டைக் குத்தினாள், சில பூக்களைச் சூடான பசை வைத்து ஒட்டினாள். கடற்கரைக் காற்றுக்கு இதெல்லாம் தாங்குமா என்று எங்களுக்கு ஒரே சிரிப்பு. ஒட்டுகிற வேலையை எங்களுக்கா சொல்லிக்கொடுக்க வேண்டும்? ஷூவில் அடிப்பாகத்தை ஒட்டும் பசையை எங்கள் பக்கம் சொல்யூஷன் என்போம். ஷூவின் அடியையே வருடக்கணக்கில் பிடித்து வைக்கிற சரக்கு, ஒரு பூவை விட்டுவிடுமா என்றாள் எங்களில் ஒருத்தி. எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. பஜாரில் ஒரு டின் வாங்கினோம்.

ரோஜா ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்தது. சம்பங்கியும் சாமந்தியும் வேலூர் மார்க்கெட்டில் எடுத்தோம். கல்யாணத்துக்கு முதல் நாள் லீவு போட்டுவிட்டு, வீட்டுக் கூடத்தில் கெட்டி அட்டைகளைப் பலகை பலகையாக வெட்டிப் பரப்பினோம். லைனில் செய்கிற மாதிரியே செய்தோம். ஒருத்தி அட்டையில் சொல்யூஷன் தடவ, ஒருத்தி பூவின் காம்பில் தடவ, காயவிட்டு ஒருத்தி அழுத்த. சம்பங்கி வெள்ளை, நடுவில் ரோஜா, ஓரத்தில் சாமந்தி. வரிசை பிசகாமல் அப்படி ஒரு அழகு. போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அழுதுகொண்டே போன் செய்தாள். பூ வாடக் கூடாதே என்று பலகைகளின் மேல் ஈரத்துணி போர்த்தி, பிளாஸ்டிக் கவர் சுற்றி, காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டினோம். எத்தனை அக்கறை பாருங்கள்.

மறுநாள் காலை ஏசி வேனில் கிளம்பினோம். வாலாஜா தாண்டுவதற்குள் டிரைவர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். தலை வலிக்கிறது என்றார். பூ வாடிவிடும், ஏற்றுங்கள் என்று நான் கத்தினேன். பேஜார் பிடித்த மனுஷன் என்று பின்சீட்டில் முணுமுணுத்தோம். அவர் கடைசிவரை ஏற்றவில்லை.

ரிசார்ட்டில் இறங்கி, கம்பி வளைவை மணலில் கடலை ஒட்டி நட்டு, முதல் பலகையின் கவரைப் பிரித்தேன். சம்பங்கி டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. ரோஜாவின் ஓரமெல்லாம் கருகிச் சுருண்டிருந்தது. அடுத்த பலகையைப் பிரித்தோம், அதற்கடுத்ததைப் பிரித்தோம். எல்லாம் அப்படியே. கருகியதைப் பிய்த்து எறிந்துவிட்டு நல்லதை மட்டும் விடலாம் என்று உட்கார்ந்தால் பிய்க்க வரவில்லை. நாங்கள் ஒட்டினது வருமா? இதழ் கிழிந்து கையோடு வந்தது, காம்பு அட்டையிலேயே நின்றது. ஒருத்தி பலகையைத் தூக்கிக்கொண்டு அலையில் அலசப் போனாள். உப்புத் தண்ணீர் பட்டு இருந்ததும் போயிற்று. இன்னொருத்தி பூக்கடை தேடி ரோட்டுக்கு ஓடி, இரண்டு முழம் மல்லியோடு திரும்பி வந்தாள். அந்த உயர வளைவுக்கு இரண்டு முழம். ஒரு சீர், அதையும் பாழ் பண்ணிவிட்டோம்.

பலகை தூக்க வந்த டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அந்த வாசனை இன்னும் போகவில்லையே என்றார். என்ன வாசனை என்று கேட்டேன்.

"இன்னா வாசனைன்னு என்னைக் கேக்கறீங்களே மேடம். வண்டி முழுக்க அதான். உங்க அஞ்சு பேருக்கும் தெரியலியா?"

நான் பலகையை மூக்கருகே கொண்டுபோனேன். கொஞ்சம் சம்பங்கி, கொஞ்சம் ஈரத்துணி. மற்ற நால்வரும் மோந்து பார்த்தார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். எங்களுக்குத் தெரியவில்லை. வருடக்கணக்காக அந்தச் சொல்யூஷன் நெடியிலேயே மூச்சு விட்டு எங்கள் மூக்கு செத்துப்போயிருக்கிறது. கவருக்குள் அடைபட்ட அதே நெடிதான் பூவையும் கருக்கியிருக்கிறது. பூ கருகியதைக்கூட வெயில் என்று சொல்லிச் சமாளிக்கலாம். இந்த வாசனையை என்ன சொல்லிச் சமாளிப்பது? காற்று கடலிலிருந்து நாற்காலிகள் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா உட்காரப் போகிறார்.

அப்போதுதான் அவள் வந்தாள். அலங்காரம் முடிந்து, வளைவைப் பார்க்கும் ஆசை பொறுக்காமல், வெள்ளைப் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடிவந்தாள். நாங்கள் பலகைகளை மறைத்துக்கொண்டு நின்றோம். பத்தடி தூரத்திலேயே அவள் கால் நின்றுவிட்டது. முந்தானை மூக்குக்குப் போயிற்று. அவளாகக் கொண்டுபோகவில்லை, கை தானாகப் போயிற்று. பூவைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்து, சட்டென்று முந்தானையைக் கீழே விட்டாள்.

"வேலைய வுட்டப்புறம் இப்பதான் எனக்கே தெரியுது" என்றாள். "அன்னிக்கு அந்தம்மா சும்மா ஒண்ணும் கர்ச்சீப் எடுக்கல."

நான் அழுதுவிட்டேன். அவள் கிட்டே வந்து என்னைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். வேண்டாம், புடவையில் ஏறிவிடும் என்று நான் பின்னால் நகர்ந்தேன். அவள் வற்புறுத்தவில்லை.

வளைவைப் பிடுங்கி, பலகைகளோடு சவுக்குத் தோப்புக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டோம். மணமக்களுக்கான மாலைகள் இரண்டும் ஊரில் பூக்காரரிடம் கட்டி வாங்கியவை. முன்சீட்டில் டிரைவரின் திறந்த ஜன்னலோரம் வந்ததால் தப்பித்திருந்தன. அந்த மாலைகளும் இரண்டு முழம் மல்லியும் மட்டும்தான் பெண் வீட்டுச் சீர். வெறும் கடல் மட்டும் முதுகுக்குப் பின்னால் இருக்க அவர்கள் மாலை மாற்றினார்கள். வந்தவர்கள் எளிமையாக எத்தனை அழகு என்று பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளை அம்மாவின் கர்ச்சீப் மடித்தபடி மடியிலேயே கிடந்தது. சவுக்கு மரத்தடியிலிருந்து நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டோவுக்குப் பெண் வீட்டாரைக் கூப்பிட்டார்கள். அவள் எங்களைத் தேடுவது தெரிந்தது. கையைத் தூக்கி வரச் சொன்னாள். நாங்கள் ஐந்து பேரும் வேலை இருப்பதுபோல் பலகைகளை அடுக்கிக்கொண்டே, நீங்கள் எடுங்கள் என்று கை காட்டினோம். அவள் இன்னொரு தடவை கூப்பிடவில்லை.

திரும்பும்போது டிரைவர் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தார். யாரும் ஏற்றச் சொல்லவில்லை. காஞ்சிபுரம் தாண்டியதும் என் கையை மோந்து பார்த்தேன். உப்பு வாசனை வந்தது. வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.