ஒன்பது சதவீதம் காட்டிய பீர்

சனிக்கிழமை, காலை 6.10. மதுரையிலிருந்து இராஜபாளையத்துக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் எட்டு ரூபாய் நாற்பது காசு. கண்டக்டர் பத்து ரூபாயை வாங்கி டிக்கெட்டின் பின்புறம் மீதியை எழுதிக் கொடுத்தார். இறங்கும்போது இவர் கண்ணில் படமாட்டார் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. நான் கல்லூரியில் வேதியியல் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவன். எதையும் அளந்து பார்த்தால்தான் நம்புவேன். வீட்டில் பால்காரர் முதல் தையல்காரர் வரை என்மேல் மனஸ்தாபம் உள்ளவர்கள்தான்.

மடியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் கண்ணாடிக் குடுவை, ஒரு குழாய், சாராயச் சத்தை அளக்கும் மிதவைமானி. கல்லூரிக் கூடத்தில் இரவல் கேட்டு எடுத்து வந்தவை. இது 1989, ஆனி மாதம். பெட்டியோடு நான் போகக் காரணம் என் தங்கை செல்வியின் கணவர் சுந்தரம். நூல் மில்லில் ஜாபர், ஆட்களை மேய்க்கும் மேஸ்திரி. வியாழக்கிழமை நாலு மணி ஷிப்டுக்குத் தள்ளாடிக்கொண்டு போய், வாட்ச்மேனிடம் வாடையோடு மாட்டிக்கொண்டார். திங்கட்கிழமை விசாரணை, வேலை போனாலும் போகும். குடித்தது ஒரே ஒரு பீர் என்று சாதிக்கிறாராம். ஒரு பீருக்கு எந்த மனிதன் தள்ளாடுவான்? பீரில் ஏதோ இருக்கிறது, நீங்கள் வந்து பாருங்கள் என்று செல்வி கல்லூரிக்கு டிரங்க் கால் போட்டாள். எனக்கோ மாப்பிள்ளைமேல்தான் சந்தேகம்.

7.30. டி. கல்லுப்பட்டி தாண்டியதும் பக்கத்து இருக்கைக்காரர் பெட்டியைப் பற்றிக் கேட்டார். மம்சாபுரத்துக்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும் உற்சாகமாகிவிட்டார்.

"ஸ்டேட்டுக்கு ஸ்டேட்டு சட்டம் வேற சார். பீர்ல சத்து இம்புட்டுத்தான் இருக்கணும்னு அந்தந்த கவர்மெண்டு கோடு போட்டிருக்கும். ஒரே கம்பெனிதான், ஆனா அங்க விக்கிற பாட்டில இங்க விக்கக் கூடாது. கேரளாவுல இருந்து செங்கோட்டை வழியா எம்புட்டோ வருது. லேபிளப் பாருங்க."

இவ்வளவு விவரம் தெரிந்தவர்மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

9.05. இராஜபாளையம். கண்டக்டர் தாமாகவே என்னைத் தேடி வந்து மீதியைக் கொடுத்தார். நான் தப்பாக நினைத்தது அவருக்கு எப்படித் தெரியும்? மேற்கே மலை, ரோட்டோரம் நூல்பொதி ஏற்றிய வண்டிகள். செல்வியின் வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர். அவள் பேண்டேஜ் தயாரிக்கும் கம்பெனியில் காஸ் துணி மடித்து பாக்கெட் போடுகிறாள். சுந்தரம் வாசலிலேயே நின்றார்.

"மச்சான், நான் ஒண்ணுதான் குடிச்சேன். மொத நாளு டபுள் ஷிப்டு பாத்தது. காலையில இருந்து வயித்துல சோறு இல்ல. வேற ஒண்ணும் இல்ல."

"அதை இது சொல்லட்டும்" என்று பெட்டியைக் காட்டினேன்.

இராஜபாளையத்தில் தெரிந்தவர் பார்த்துவிடுவார்கள் என்று, பதினொரு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர் ஒயின்ஷாப்பில் இரண்டு பாட்டில் வாங்கியிருக்கிறார். ஒன்றைக் குடித்துவிட்டார். மற்றதை செல்வி திறந்து முகர்ந்து பார்த்து, பாதியைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, சாட்சிக்கென்று மீதியைப் பஞ்சு அடைத்து அலமாரியில் வைத்திருந்தாள். லேபிளில் ‘5 சதவீதத்துக்கு மிகாமல்’ என்று இருந்தது. நம் மாநிலத்து லேபிள்தான்.

11.40. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் குடுவையை வைத்தேன். பீரை நன்றாகக் குலுக்கி நுரை போக்கி, காய்ச்சி இறக்கி, இறங்கியதில் பழைய அளவுக்குத் தண்ணீர் சேர்த்து மிதவைமானியை விட்டேன். ஒன்பது. மறுபடியும் பார்த்தேன். ஒன்பதேதான். ஸ்பிரிட் வாடை வேறு குப்பென்று அடித்தது. மூடியில் ஊசி குத்தி ஏற்றியிருக்கிறான் கடைக்காரன்! எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செல்வி அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மாலை 3.15. டவுன் பஸ், ஒரு ரூபாய் இருபது காசு, ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரம் தெரிகிற திருப்பத்திலேயே பால்கோவா வாசம் வந்தது. அதில் எவ்வளவு மாவோ என்று நினைத்துக்கொண்டே கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒல்லியான மனிதர், நாற்பது வயதிருக்கும். உன் லைசென்ஸ் இனி இருக்காது என்று நாலு பேர் கேட்க மிரட்டினேன். அவர் முகம் வெளிறிவிட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"சார், அந்தப் பொட்டில இன்னும் எட்டுப் பாட்டில் கிடக்கு. நான் தொடல. நீங்களே கையவிட்டு ஒண்ண எடுத்துட்டுப் போங்க. சோதிச்சுப் பாத்துட்டுப் பொறவு பேசுங்க. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைய இருக்கு சார்."

பிள்ளைகளை இழுக்கிறவனை நம்பக் கூடாது என்று எண்ணிக்கொண்டு, அதே பேட்ச் எண் உள்ள பாட்டிலைப் பதினெட்டு ரூபாய்க்கு வாங்கினேன்.

6.20. மறுபடி ஸ்டவ். நாலே முக்கால். ஸ்பிரிட் வாடையும் இல்லை. ஒரே பேட்ச், ஒன்று ஒன்பது, ஒன்று நாலே முக்கால். கலந்தவன் ஒரு பாட்டிலில் மட்டும் ஏன் கலப்பான்? அப்போதுதான் காலையில் நான் பிடுங்கி எறிந்த பஞ்சு நினைவுக்கு வந்தது. மூலையில் கிடந்ததை எடுத்து முகர்ந்தேன்.

"இதில் என்ன செல்வி?"

"ஸ்பிரிட்டுதான். கம்பெனியில எதுவானாலும் சுத்தம் பண்ணித்தான அடைப்போம். சும்மா வச்சா உள்ள கிருமி போயிரும், பீரு கெட்டுப்போச்சுன்னு நீங்களே சொல்லுவீய. அதான் நல்லா முக்கிப் பிழியாம அடச்சேன். காயக் காயப் புதுசு வச்சேன்."

பிழியாத பஞ்சு இரண்டு நாள் பாட்டிலுக்குள் சொட்டியிருக்கிறது. எல்லாம் விளங்கிவிட்டது. அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். என் புத்தி விடவில்லை.

"வேண்டுமென்றே ஊற்றினாயா, அவரைக் காப்பாற்ற?"

 செல்வி நான் கையெழுத்துப் போட்ட தாளை இரண்டாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். அன்று எனக்குச் சோறு போட்டது சுந்தரம்தான்.

ஞாயிறு, காலை 8.00. மறுபடி டவுன் பஸ் ஏறிப் போய்க் கடைக்காரரிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார். திரும்பி வந்த பிறகும் செல்வி பேசவில்லை.

திங்கள், பகல் 12.30. சுந்தரம் மில்லிலிருந்து வந்தார். பதினைந்து நாள் சஸ்பெண்ட், பிறகு வேலையில் சேர்ந்துகொள்ளலாம். என் உடம்பே லேசாகிவிட்டது.

"என்ன கேட்டார்கள்?"

"எம்புட்டுக் குடிச்சேன்னு கேட்டாவ. ஒண்ணுதான், வெறும் வயிறு, தப்பு என்மேலதான்னு சொன்னேன். எழுதிக்கிட்டாவ."

"நம்பினார்களா?"

"அவியளுக்கு என்னைப் பதினோரு வருசமாத் தெரியும்ல மச்சான்."

சனிக்கிழமை வாசலில் நின்று என்னிடமும் இதையேதான் சொன்னார். நானும் அவரைப் பதினோரு வருடமாகத்தான் அறிவேன். ஆனால் அன்று நான் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். அதைவிட மோசம், யாரையும் நம்பாத நான் மறுயோசனை இல்லாமல் நம்பியது அந்த ஒன்பதை.

மாலை 4.10. மதுரை பஸ். செல்வி உள்ளறையில் எதையோ மடித்துக்கொண்டிருந்தாள், வாசலுக்கு வரவில்லை. சுந்தரம்தான் பெட்டியைச் சுமந்து வந்து ஏற்றிவிட்டார்.

"மச்சான், அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. தெரியாமத்தான் செஞ்சேன்னு இப்பவாவது அண்ணன் நம்புதாரான்னு."

"நம்புகிறேன் மாப்பிள்ளை. சத்தியமாக நம்புகிறேன்."

"போய்ச் சொல்லுதேன்."

பஸ் நகர்ந்தது. ஜன்னலில் தலையை நீட்டி, மறக்காமல் சொல்லுங்கள் என்று கத்தினேன். அவர் சொல்லிவிடுவார். அவள் அதை நம்ப வேண்டுமே என்றுதான் மதுரை வரும்வரை எனக்குக் கவலை.