நான் பிறந்ததற்கு இரண்டு சாட்சிகள்

கிரீன் கார்டு வரிசையில் பதினோரு வருடம் நின்று, ஒரு வழியாக முறை வந்த பிறகு, அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. கூடுதல் ஆதாரம் வேண்டுமாம். எதற்கு? நான் பிறந்ததற்கு. எடிசன் நகரில் என் வீட்டு ஹாலில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. கெடு முடிவதற்குள் பதில் போகாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. மூட்டை கட்டவேண்டியதுதான்.

என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கிறது, அம்மா பெயர் இருக்கிறது. என் பெயருக்கான இடம் மட்டும் காலி. எங்கள் ஊரில் அது சகஜம். பிள்ளை பிறந்ததும் பதிவு செய்துவிடுவார்கள், பெயர் சாவகாசமாக வைப்பார்கள். அதைச் சேர்க்க மறுபடி நகராட்சிக்கு யார் அலைவது?

பிறந்தபோது கூட இருந்த இரண்டு பேர் அஃபிடவிட் தர வேண்டும் என்றார் வக்கீல். அம்மா ஒருத்தி. அப்பா இப்போது இல்லை. விஷயம் கேள்விப்பட்டு, "நான் தரேன்" என்று முன்வந்தாள் அம்மாவின் அக்கா. இருவரும் கல்யாண வீடுகளில் பார்த்தால் நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான். சனிக்கிழமை காலை இருவரையும் வீடியோ காலில் இழுத்துப் போட்டேன். அம்மாவின் நெற்றியும் பெரியம்மா வீட்டு மின்விசிறியும் தெரிந்தன.

"பொய் எழுதாதக்கா. நீ வரவே இல்ல" என்றாள் அம்மா. "வளைகாப்புக்கு நேர்ல வந்து கூப்பிடலன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்த. கவர்மென்ட் கிட்ட பொய் சொன்னா இவளத்தான் புடிச்சு உள்ள போடுவாங்க."

"நான் வந்தேன். ஆபரேஷன் முடிஞ்சு நீ மயக்கத்துல கெடந்த. நர்ஸ் இவள என் கையிலதான் குடுத்தாங்க. நீ முழிக்கிறதுக்குள்ள கெளம்பிட்டேன்."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு குடும்பத்துக்கு இத்தனை அதிகாரிகளா!

"பச்சைக் கரை போட்ட துணியில சுத்தியிருந்துச்சே குழந்தை, ஞாபகம் இருக்கா? அது என் பழைய வாயில் பொடவடி."

அம்மாவின் நெற்றி திரையிலிருந்து மறைந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

"ஆஸ்பத்திரித் துணின்னுல்ல நெனச்சேன்! அது இல்லாம மூணு வயசு வரைக்கும் இவ தூங்கவே மாட்டா. ஏங்க்கா இத்தன வருஷமா சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியேடி."

வக்கீல் கேட்டது நாலு வரி. பெரியம்மா வளைகாப்பில் ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்தும் போட்டு அனுப்பினாள். ஒரு எழுத்தைக்கூட வெட்ட விடாமல் மொழிபெயர்த்து, கெடுவுக்கு மூன்று நாள் முன்பாக அனுப்பிவைத்தேன்.

கார்டு வந்த அன்று தபால் பெட்டி அருகிலேயே ஒரு குதி குதித்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். லைன் பிஸி. சரி, பெரியம்மாவிடமாவது சொல்லலாமென்று அவளுக்குப் போட்டேன்.

அதுவும் பிஸி.