ஆகாயம் போட்ட அரிச்சுவடி

விமானத்தின் இரைச்சல் கேட்டால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். குஞ்சம்மா வெளியே ஓடுவாள். ஆறு மாத வயிறு, இடுப்பில் தூக்கிச் செருகிய சேலை, கையில் கோழி கவிழ்க்கும் கூடை. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளைச் சரணடையச் சொல்லி விமானம் தாள்களைக் கொட்டிவிட்டுப் போகும். காற்று அதில் பாதியை ரப்பர் தோட்டத்துக்குள் தள்ளிவிடும். அந்தப் பாதி அவளுக்குச் சொந்தம்.

"காட்டுல உள்ளவனுக்குப் போட்ட காயிதம்லா. எதுக்கு நமக்கு வம்பு?" என்பான் புருஷன் முனியாண்டி.

"அவன் படிக்கலன்னா நம்ம புள்ள படிச்சிட்டுப் போவட்டும்," என்பாள்.

சீனம், மலாய், தமிழ் என்று மூன்றும் அச்சாகியிருக்கும். தமிழை மட்டும் கத்தரித்து வைத்துக்கொள்வாள். வெற்றுப் பின்பக்கம் கரித்துண்டால் கணக்குப் போட. ஐந்து வயது மகள் ஜானகி எல்லாப் பிள்ளைகளையும்போல அ, ஆ என்று ஆரம்பிக்கவில்லை. 'சரணடையுங்கள்' என்றுதான் ஆரம்பித்தாள். ஒரே வாரத்தில் லயத்துச் சேவல்களையெல்லாம் சரணடையச் சொல்லி, சோறும் மருந்தும் தருவதாக வாக்குக் கொடுத்துக்கொண்டு திரிந்தாள்.

குஞ்சம்மா இரண்டாம் வகுப்பில் இருந்தபோது தம்பி பிறந்தான். தூளி ஆட்ட ஆள் வேண்டுமென்று அவளை நிறுத்தினார்கள். திரும்ப அனுப்ப யாருக்கும் ஞாபகம் வரவில்லை. போன மாதம் முனியாண்டி தூளிக்கயிறு வாங்கி வந்து, "நம்ம ஜானகி ஆட்டிக்கிடுவா," என்றான். மறுநாளே குஞ்சம்மா தோட்டப் பள்ளி வாசலில் போய் நின்றாள்.

"அவளைச் சேர்க்க இன்னும் வயசு காணாது, பிள்ளை," என்றார் யாழ்ப்பாணத்து வாத்தியார் அருளம்பலம். "ஒரு பக்கம் வாசிச்சு, இருபது வரைக்கும் எண்ணினால் ஜனவரியில சேர்க்கிறன்."

எண்ணிக்கைக்கு, காட்டுக்கு அரிசி போகாமல் தடுக்க லயத்தைச் சுற்றிப் போட்டிருந்த முள்வேலி கிடைத்தது. ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு வந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு கம்பம் கம்பமாகத் தொட்டு எண்ணுவாள். வாசலில் காவல் நிற்கும் போலீஸ்காரன் விழித்துப் பார்ப்பான். "தொரை இம்புட்டுச் செலவு பண்ணி வேலி போட்டது எதுக்குங்கிறே? நீ ஒண்ணு ரெண்டு படிக்கத்தான்," என்று மகளிடம் சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

ஜனவரியில் வாத்தியார் ஜானகியை எண்ணச் சொன்னார். அவள் இருபதைத் தாண்டி, முப்பதைத் தாண்டி ஓடி, முப்பத்தெட்டில் பட்டென்று நின்றாள்.

"ஏன் நிப்பாட்டினனீ?"

"வேலி முடிஞ்சி போச்சு."

அடுத்து முதல் வகுப்புப் புத்தகத்தை நீட்டினார். ஜன்னலுக்கு வெளியே குஞ்சம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஜானகி ஆடு, அணில், இலை என்று தடுமாறாமல் வாசித்தாள். பக்கம் முடிந்ததும் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல யாரும் சரணடைய மாட்டாங்களா?" என்று கேட்டாள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துவிட்டுப் பதிவேட்டில் பெயரை எழுதினார்.

வீட்டில் முனியாண்டி பாயில் காலை நீட்டிப் படுத்திருந்தான். குஞ்சம்மா தூளிக்கயிற்றை எடுத்து உத்தரத்தின் மேல் போட்டாள்; நுனியைக் கீழே இழுத்து வந்து, அவன் கால் கட்டைவிரல் வரைக்கும் எட்டுகிறதா என்று அளந்து பார்த்தாள்.