இன்ஜினுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று மட்டும் தொழிலாளர் குடும்பங்களை ஓசூர்க் கம்பெனிக்குள் விடுவார்கள். அந்த வருஷம் உத்தனப்பள்ளியிலிருந்து பெரியம்மாவும் நானும் போனோம். சித்தப்பா அங்கே கான்ட்ராக்ட் ஆள். தீபாவளிக்குள் பர்மனென்ட் ஆகிவிடுவார் என்று வீடே நம்பிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் அவருக்குப் பேசியிருந்த பெண் வீட்டாரும் காத்திருந்தார்கள்.

நான் பார்க்க ஆசைப்பட்டது ஒன்றைத்தான். சித்தப்பா பிறப்பதற்கு முன்பே செய்து, பெட்டியில் மூடி வைத்திருந்த ராக்கெட் இன்ஜின். இன்னும் ஓடுமா என்று சோதிக்க அதை வெளியே எடுத்திருந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு இப்பால் நின்று சித்தப்பா காட்டினார். கவிழ்த்த மணியைப் போல ஒரு வாய். அதன் மேல் பின்னி ஏறும் குழாய்கள். எங்கள் கிணற்று மோட்டார் ஒரே மழைக்காலத்தில் துருவேறிவிடும். இதிலோ ஒரு புள்ளி கறை இல்லை. ஏதோ உசத்தியான இரும்பு என்று முடிவு செய்துகொண்டேன்.

பெரியம்மா சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினார். லேத், எடை மேடை, வாட்ச்மேன் சைக்கிள், தண்ணீர்த் தொட்டி, எதையும் விடவில்லை. சித்தப்பா பொரி வாங்கப் போன நேரத்தில் கண்ணாடி அறையின் கதவு ஒருக்களித்திருந்தது.

"எல்லாத்துக்கும் வெச்சிட்டு இத மட்டும் உட்டா, மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காதா?" என்றபடி, ஒரு குழாயின் வாயை மூடியிருந்த துணியை விலக்கி, விளிம்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

திரும்பி வந்த சித்தப்பா பொரிப் பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன அண்ணி பண்ணிட்டீங்க!"

"பொட்டுதான தம்பி. இரு, தொடச்சிட்றேன்." முந்தானையை எடுத்தார்.

"தொடாதீங்க! தூளு உள்ள போயிருந்தா, ஆக்சிஜன் உட்றப்ப அங்கியே தீப்புடிச்சிக்கும்."

அண்ணியிடம் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பெரியம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யாரும் பாக்கல. உனக்குக் கல்யாணம் ஆவணும் தம்பி."

சித்தப்பா கொஞ்ச நேரம் அந்தக் குங்குமத்தையே பார்த்தார். பிறகு போய் சூப்பர்வைசரை அழைத்துவந்தார். "யாரு மாடித்து இது?" என்று, செய்தது யாரெனக் கேட்டு அவர் கன்னடத்தில் கத்த, "நான்தான் சார் கதவ சாத்தல," என்றார் சித்தப்பா. எந்தக் குழாய், விளிம்பில் எந்தப் பக்கம் என்று விரல் படாமல் காட்டினார்.

தீபாவளி வந்தது, பர்மனென்ட் வரவில்லை. பெண் வீட்டார் வேறு இடம் பார்த்தார்கள். சொந்த அண்ணி வைத்த பொட்டைப் போய்க் காட்டிக்கொடுத்தவன் என்று பெரியம்மா பொங்கல்வரை அவரோடு பேசவில்லை. நானும் பெரியம்மா கட்சிதான். துடைத்துவிட்டு வந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

குழாய்களைக் கழற்றிக் கழுவி மாட்டி, பிறகு அந்த இன்ஜினை ஓட்டிப் பார்த்தார்களாம். புதிது போலவே எரிந்ததாம். அந்தக் காலத்து இரும்பு அப்படி என்று பள்ளியில் தோழிகளிடம் பெருமையடித்தேன். அந்த இன்ஜினைச் செய்தபோதும் மூடி வைத்தபோதும், எத்தனை பேர் இப்படி யாரும் பார்க்காத இடத்தில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு போய்த் தவறைச் சொல்லியிருப்பார்கள் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.