எழுந்திருக்காமல் இருக்க ஒரு மிஷின்

மற்றவர்கள் ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருக்கும் வேலையில் போய் மூக்கை நுழைத்து, அதை எப்படிச் செய்வது என்று அவர்களுக்கே சொல்லிக்கொடுப்பதற்குப் பெயர்தான் கம்ப்யூட்டர் ஆலோசகர் தொழில். இதில் மாட்டிக்கொண்டு முழிக்கும் அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், நான் பட்ட பாடு உங்களுக்காவது உதவட்டும்.

எண்பதுகளின் கடைசி. பாங்கு வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் புதுச்சேரியில் நான் பிடித்த முதல் வாடிக்கை, முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு நூல் மில். ஆபீஸ், ஸ்டோர், ஸ்பின்னிங், கணக்கு என்று பிரிவுக்கு ஒரு திரை வைத்து, எல்லாவற்றையும் கேபிள் இழுத்து ஒரு பெரிய பெட்டியோடு சேர்த்திருந்தேன். ஒருவர் இங்கே தட்டினால் மற்றவர் அங்கே படிக்கலாம். யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம். அதுதான் என் வியாபாரமே.

மேனேஜர் தணிகாசலம் கறாரானவர். "தீபாவளி வரைக்கும் பாக்கறேன். ஜனங்களுக்கு உபயோகமா இருந்தா வச்சிக்கிறேன். இல்லேன்னா பெட்டிய நீங்களே தூக்கினு போயிடணும்" என்று சொல்லிவிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவது? பாங்கில் என் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்தாகிவிட்டது.

வீட்டில் ஒத்திகை

மில்லில் பேச வேண்டிய பேச்சை, சாரம் பகுதியில் இருந்த எங்கள் வாடகை வீட்டில் என் மனைவி விஜயாவிடம் ஒத்திகை பார்த்தேன். ஈசிசேரில் சாய்ந்துகொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு மில்லை எப்படி நடத்தலாம் என்று விளக்கினேன். நடுவில் தொண்டை வறண்டது, தண்ணீர் கேட்டேன். அப்புறம் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னேன். பிறகு கீழே விழுந்த பேனாவையும் எடுத்துத் தரச் சொன்னேன்.

பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள்: "எழுந்திருக்காம இருக்கறதுக்கு ஒரு மிஷினா? உங்களுக்குத்தான் அது இல்லாமலே நல்லா வருதே!"

பகல் இரண்டு மணி வகுப்பு

நான் வேலூர்க்காரன். மதியச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தினால் வெயில் தாழ்ந்துதான் திறக்கும் ஊர் புதுச்சேரி என்பது எனக்கு உறைக்கவில்லை. அதிகாரிகளுக்கு வேலை குறைவான நேரம் என்று கண்டுபிடித்து, பகல் இரண்டு மணிக்குப் பயிற்சி வகுப்பு வைத்தேன். வேலை குறைவுதான், அதிகாரிகளே இல்லை. எல்லாரும் சாப்பிட்டுவிட்டு அவரவர் வீட்டில் கண்ணயர்ந்திருந்தார்கள். காலி நாற்காலிகளுக்கு எதிரே சாக்பீஸும் கையுமாக நின்றிருந்தேன்.

கணக்குப் பிரிவுத் தலைவர் அந்துவான் மட்டும் வந்தார். பிரெஞ்சுக்காரர் காலத்து மரியாதையில் முசே அந்துவான் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவரும் மேஜையில் மறந்து வைத்த மூக்குக்கண்ணாடிக்காக வந்தவர். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, தோளில் கைவைத்துச் சொன்னார்: "தம்பி, இந்த நேரத்துல முழிச்சினு இருக்கறவன் என்ன சொன்னாலும் இந்த ஊர்ல யாரும் நம்ப மாட்டாங்க."

ஒரே வரி

வகுப்பைக் காலைக்கு மாற்றியதும் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒரு செய்திக்கு ஒரே ஒரு வரிதான் இடம் வைத்திருந்தேன். சொல்ல வேண்டியதை நறுக்கென்று சொல்ல வேண்டும் என்பது என் கொள்கை. அப்போது அதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டோர் பொறுப்பாளர் கலியபெருமாள், ஸ்பின்னிங் மாஸ்டர் கோவிந்தசாமிக்கு முதல் செய்தி அனுப்பினார். திரையில் தமிழ் வராது; ஆங்கில எழுத்தில் தமிழை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்தார். 'மதிப்பிற்குரிய மாஸ்டர் ஐயா அவர்களுக்கு ஸ்டோர் கலியபெருமாள் வணக்கம்.' அத்தோடு வரி தீர்ந்தது. மாஸ்டர் கேட்டிருந்த மிஷின் பெல்ட் வந்துவிட்டது என்ற சங்கதிக்கு இடமில்லை. மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு, அதைச் சொல்ல ஸ்பின்னிங்குக்கே கிளம்பிவிட்டார். முன்பெல்லாம் பியூனிடம் சீட்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்!

நான் பதறிப்போய் இரண்டாவது வரி கொடுத்தேன். அதில் 'நலம், நலமறிய அவா' ஏறிக்கொண்டது. மூன்றாவது வரி கொடுத்தேன். 'இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள' வந்து உட்கார்ந்தது. அவரைப் பார்த்து மற்ற பிரிவுகளும் அதே மாதிரி அனுப்ப ஆரம்பித்து, மில் முழுக்க நடைதான். வணக்கத்தை விட்டுவிட்டு விஷயத்தை அடியுங்களேன் என்று கலியபெருமாளிடம் கெஞ்சினேன். அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்: "விஷயத்த நேர்ல போயி சொல்லிக்கறேன் சார். வணக்கம் முன்னாடி போயிடணும், அதான் மரியாத."

தீபாவளிக்கு முந்தின வாரம்

மேனேஜர் பார்வையிட வந்தார். ஸ்டோரில் நாற்காலி காலி. கணக்கில் நாற்காலி காலி. திரைகளில் மட்டும் வணக்கம் குவிந்திருந்தது. பெட்டியை ஏற்ற ஒரு தள்ளுவண்டி எங்கே கிடைக்கும் என்று யோசித்தபடி அவர் பின்னால் ஸ்பின்னிங் ஹாலுக்குப் போனேன்.

அங்கே தலையெல்லாம் பஞ்சு படிந்து, கலியபெருமாளும் மாஸ்டரும் ஒரு மிஷினடியில் குனிந்திருந்தார்கள். "மாஸ்டர், இது தேஞ்சி கெடக்குதே, இப்பவே சொல்லக் கூடாதா?" என்று கேட்டார் கலியபெருமாள். "அறுந்தாத்தானேய்யா நாங்க சீட்டு எழுதுவோம்" என்றார் மாஸ்டர். பெல்ட் அறுந்து, சீட்டுப் போய், புது பெல்ட் வரும்வரை மிஷின் நிற்பதுதான் அந்த மில்லின் தீராத தலைவலி. இப்போது அறுவதற்கு முன்பே ஸ்டோர்க்காரர் கண்ணில் பட்டுவிடுகிறது. சில வாரங்களாக ஒரு மிஷினும் நிற்கவில்லையாம். நான்தான் கவனிக்கவில்லை.

அது புரியாமல் நான் மேனேஜரிடம் மன்றாடினேன்: "சார், இன்னும் இரண்டு வரி கூட்டிக் கொடுத்துவிடுகிறேன். விஷயமும் அதிலேயே போய்விடும், யாரும் நடக்க மாட்டார்கள். தயவுசெய்து அவகாசம் கொடுங்கள்." மேனேஜர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, வரிய மட்டும் கூட்டிடாதீங்க சார்! அப்புறம் எல்லாரும் மறுபடியும் உக்காந்துடுவாங்க."

என் மிஷின் அந்த மில்லில் அதே மூன்று வரியோடு பல வருஷம் ஓடியது. இந்தக் கதையை விஜயாவிடம் சொன்ன நாளிலிருந்து, வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால் நானே எழுந்து போய்த்தான் குடிக்கிறேன்.