பேரனின் அசல் படம்

அச்சகத்தில் எல்லோரும் அவரை ‘டிஃப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். படம் எதுவானாலும் அந்த வகைக் கோப்பில்தான் கொண்டுவர வேண்டும் என்று வாடிக்கையாளர்களின் உயிரை வாங்குகிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பது? ஜேபெக் கோப்பு இடத்தை அடைக்காதுதான். ஆனால் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் படம் கொஞ்சம் தேயும். பிஎன்ஜி தேயாது, எழுத்துக்கும் கடைச் சின்னத்துக்கும் கச்சிதம். டிஃப் பூதம் மாதிரி இடத்தை அடைத்துக்கொள்ளும், ஆனால் ஒரு புள்ளியையும் விட்டுக்கொடுக்காது. இதையெல்லாம் யாரும் கேட்காமலே சொல்வார். டீ குடிக்கப் போன இடத்திலும் சொல்வார்.

வீட்டில் சொல்ல ஆளில்லை. மனைவி போன பிறகு சுவரும் அவரும்தான். கடல் தாண்டி இருக்கும் மகளுக்குப் பிள்ளை பிறந்து, போனில் படம் வந்தது. அதைப் பெரிதாக அச்சடித்துக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. பெரிதாக்கிப் பார்த்தால் கன்னமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. போன் அனுப்பும்போதே படத்தைச் சுருக்கிவிடும், அசலை அப்படியே ஃபைலாக அனுப்பு என்று மகளுக்கு எழுதினார். அடுத்த படத்துக்கும் அதே பதில். அதற்கடுத்ததற்கும் அதே. பிள்ளை யாரைப் போல இருக்கிறான் என்று ஒரு வார்த்தை? மூச். பாசத்தைக்கூட வேலையாகச் செய்துதான் அவருக்குப் பழக்கம்.

பிறகு படம் வருவது நின்றுபோனது. கைக்குழந்தையோடு அவளுக்கு நேரம் எங்கே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். சாப்பிடும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். உள்ளுக்குள் பயம்தான், மகளும் விட்டுவிட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? கடைசியில் வீம்பை விட்டு, “எப்படி வேணா அனுப்பும்மா, பாத்தா போதும்” என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கனமான கோப்பு ஒன்று வந்தது. டிஃப். ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்திருந்தாள். கூடவே ஒரே வரி: “இப்ப சரியா இருக்காப்பா?” அச்சகத்துக்கு வருகிறவர்கள் கேட்பதைப் போலவே கேட்டிருந்தாள்.

கணினியில் திறந்தார். இமை மயிரை எண்ணலாம், அவ்வளவு துல்லியம். பேரன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். கீழ் ஈறில் இரண்டு பற்கள். யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. திரும்பிப் பார்த்தார், கூடத்தில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ‘கிளாரிட்டி பிரமாதம்’ என்று பாதி தட்டியிருந்ததை அழித்தார்.

“பல்லு எப்பம்மா மொளச்சுது?” என்று கேட்டார்.

“போன மாசமேப்பா. அன்னைக்கே போன்ல எடுத்தேன். தேஞ்சு வந்திருக்குன்னு சொல்வீங்களேன்னு அனுப்பல.”